“லயத்தில் ஃபிரிட்ஜ் இல்லை, அம்மா ஊசி போட மாட்டேன் என்கிறார்”

மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் 26 வயது வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 51. கொழுந்து பறிக்கிறார். ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மெட்ஃபோமின், கிளிக்லசைட் என்று இரண்டு வகை மாத்திரை. கிளினிக் நாளில் விடியற்காலையில் மலையிலிருந்து இறங்கி, இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். 2022 பொருளாதார நெருக்கடியில் கிளினிக்கில் சில மருந்துகள் இல்லாமல், துண்டு எழுதி வெளியே வாங்கச் சொன்னார்கள். அப்போது தொடங்கிய பழக்கம்: இரண்டு மாத்திரை போடவேண்டிய இடத்தில் ஒன்று. இப்போது மருந்து கிடைத்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. கடைசி கிளினிக்கில் வெறும் வயிற்றில் சீனி 268. வைத்தியர் இன்சுலின் தொடங்கவேண்டும் என்றார். அம்மா முடியாது என்றுவிட்டார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், ஃபிரிட்ஜ் இல்லை என்பது ஒரு காரணம். பக்கத்து லயத்தில் ஒருவருக்கு ஊசி தொடங்கிய மூன்றாம் மாதமே காலை எடுத்தார்கள் என்பது இன்னொன்று. இதற்கிடையில் திருச்சியிலிருந்து வந்த மாமா ஒரு பெட்டி இன்சுலின் சிரிஞ்ச் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

“அம்மா பிடிவாதக்காரி. ஆனால் வாய்க்கட்டுப்பாடு இருக்கிறது, நன்றாக மெலிந்துவிட்டார். கொழும்புக்குக் கூட்டிவந்து சனல் பண்ணி (தனியாரில் நேரம் பதிந்து) பெரிய டொக்டரிடம் காட்டி, பேனா இன்சுலின் வாங்கிக் கொடுக்கட்டுமா? வேலையை விடச் சொல்லட்டுமா? கொத்தலா ஹிம்புட்டு மூலிகைக் கட்டையில் கடைந்த கோப்பையில் தண்ணீர் குடித்தால் போதும் என்கிறார்களே, அது உண்மையா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அந்த சிரிஞ்ச் பெட்டியை அம்மாவின் கையிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்றிரவே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் யு-40. அதாவது ஒரு மில்லிலீட்டரில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் கோடுகளும் அந்தக் கணக்கில்தான் போட்டிருக்கும், மூடி சிவப்பு. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் கொடுப்பது யு-100, ஒரு மில்லிலீட்டரில் 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு மூடி செம்மஞ்சள். இங்கே கிடைக்கும் இன்சுலினை அந்தச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை இழுத்தால், உடம்புக்குள் போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. இரவில் போட்டுவிட்டுப் படுத்த ஒருவரைக் காலையில் எழுப்ப முடியாமல் போக அது போதும். மாமா நல்ல மனதோடுதான் கொண்டுவந்திருக்கிறார், அவரைக் குறை சொல்லவேண்டாம். ஆனால் பெட்டியை வீட்டில் வைக்கவே வேண்டாம், அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, அம்மா மெலிந்த விஷயம். இதை நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே அதிகம் கவலை தந்த வரி அதுதான். வெறும் வயிற்றில் 268 இருக்கும் ஒருவர் மெலிகிறார் என்றால், சாப்பிட்ட சீனியை உடம்பால் பயன்படுத்த முடியவில்லை, அது சிறுநீரில் போகிறது, உடம்பு தன் தசையையும் கொழுப்பையும் கரைத்துச் சமாளிக்கிறது என்று அர்த்தம். இரவில் எத்தனை தடவை சிறுநீர் கழிக்க எழும்புகிறார், தாகம் எப்படி என்று கேட்டுப்பாருங்கள். பாதி மாத்திரை போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒன்பது வருடத்தில் கணையம் களைத்துப்போனதும் காரணமாக இருக்கலாம். எப்படியானாலும் இன்சுலின் வேண்டும் என்று அந்த வைத்தியர் சொன்னது சரியான முடிவு என்றே படுகிறது. அம்மாவை நான் நேரில் பார்க்கவில்லை. எவ்வளவு, எப்போது என்பதை அந்த வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின்

இந்த ஒரு தடையை மனதிலிருந்து எடுத்துவிடலாம். திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைக்கவேண்டும் என்று பெட்டியில் போட்டிருப்பது நீண்டநாள் சேமிப்புக்கு. பாவனையில் இருக்கும் குப்பியை 25 பாகைக்கு உட்பட்ட சூட்டில், வெளியில் வைத்தே நான்கு வாரம் பயன்படுத்தலாம். 2023-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, திறக்காத மனித இன்சுலின் வகைகள் சில 25 பாகைவரை ஆறு மாதமும் 37 பாகைவரை இரண்டு மாதமும் வீரியம் குறையாமல் இருந்ததைக் காட்டியது. தலவாக்கலை மலையில் பெரும்பாலான நாட்களில் சூடு 25 பாகையைத் தாண்டுவதில்லை. மன்னாரிலோ மட்டக்களப்பிலோ இருக்கும் ஒருவருக்கு ஈரமண் போட்ட மண்பானைக்குள் வைக்கச் சொல்லியிருப்பேன். உங்கள் அம்மாவுக்கு அதுகூடத் தேவைப்படாது. மாதாமாதம் கிளினிக்கில் ஒரு புதுக் குப்பி வாங்கி, திறந்த திகதியைப் பேனாவால் எழுதி, அடுத்த கிளினிக்கில் புதியதை எடுத்துக்கொண்டால் போதும்.

லயத்தில் உண்மையான ஆபத்து அடுப்பு. சமைக்கும் அறையில் விறகடுப்பு, அதற்கு மேலே தட்டு, மருந்தெல்லாம் அந்தத் தட்டில். புகைபிடித்த அந்தத் தட்டில் இன்சுலினை வைக்கவேண்டாம். தகரக் கூரைக்கு நெருக்கமாகவும் யன்னல் வெயிலிலும் வேண்டாம். அடுப்பில்லாத முன்னறையில், தரைக்கு நெருக்கமான அலமாரியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கட்டும். கடைக்காரர் வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறோம் என்று யாராவது சொன்னால், ஐஸ் உறையும் பகுதியில் வைக்கக்கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயனில்லை. வெளியில் இருந்த குப்பியை விட உறைந்த குப்பி மோசம்.

இரவில் போடும் இன்சுலின் வெண்மையாகக் கலங்கலாக இருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டிக் கலக்கவேண்டும், குலுக்கக்கூடாது. உருட்டிய பிறகும் அடியில் கட்டிகட்டியாக நின்றால் அதை விட்டுவிட்டுப் புதியது எடுக்கவேண்டும். சிரிஞ்சை ஒருமுறைக்கு ஒன்று என்று பாவிப்பதே முறை. தட்டுப்பாட்டில் அதே ஆள் சில தடவை பாவிப்பது நம் கிளினிக்குகளில் நடக்கிறதுதான். ஆனால் வேறொருவரோடு பகிரவே கூடாது, அது கணவன் மனைவியாக இருந்தாலும். பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். லயத்துக் கானில் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள்.

இன்சுலினா காலை எடுத்தது?

பக்கத்து லயத்து மனிதருக்கு நடந்ததை அம்மா பொய்யாகச் சொல்லவில்லை. ஊசி தொடங்கினார்கள், பிறகு காலை எடுத்தார்கள். வரிசை அதுதான். ஆனால் அதற்கு முன் நடந்ததைக் கேட்டுப்பாருங்கள். பல வருடம் சீனி கூடியே இருந்திருக்கும், பாதத்தில் உணர்வு போயிருக்கும், ஒரு காயம் தெரியாமல் அழுகியிருக்கும். அந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு முதலில் கொடுப்பதே இன்சுலின்தான், சீனியை இறக்கிக் கிருமி பரவுவதை அடக்க. காலைக் காப்பாற்ற அது காலம் தாழ்த்தி வந்தது. “ஊசி தொடங்கினால் கதை முடிந்தது” என்ற பேச்சு மலையகத்தில் மட்டுமில்லை, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நான் கேட்கிறேன். எல்லோரும் கடைசி நேரத்தில்தான் ஊசிக்கு வருகிறார்கள். அதனால் ஊசிக்குக் கெட்ட பெயர்.

இதை நீங்கள் கொழும்பிலிருந்து போனில் சொன்னால் அம்மா ஏற்பது கடினம். அதே தோட்டத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டு தினமும் மலைக்குப் போகும் ஒரு பெண்ணையாவது கண்டுபிடியுங்கள். நிச்சயம் இருப்பார், வெளியே சொல்லாமல் இருப்பார். அவர் தன் வயிற்றில் போட்டுக்காட்டும் ஒரு ஊசி, நான் எழுதும் பத்துப் பந்திக்கு மேல். ஊசி மிக மெல்லியது, அட்டைக்கடியைவிட வலி குறைவு என்று அவரே சொல்வார்.

பேனாவும் பெரிய டொக்டரும்

கொழும்பில் ஒருமுறை காட்டுவதில் தவறில்லை. உங்கள் மனதுக்கு ஆறுதல் என்றால் காட்டுங்கள். ஆனால் அங்கே எழுதிக்கொடுக்கும் பேனா இன்சுலினை மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் வாங்கவேண்டியிருக்கும். ஒரு மாதம் முடியாமல் போனால் அம்மா திரும்பவும் பாதியாகப் போடுவார், மாத்திரையில் செய்தது போல. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டல், மாத்திரையில் அடங்காத இரண்டாம் வகை நீரிழிவுக்கு, வசதி குறைந்த இடங்களில், சாதாரண மனித இன்சுலினையே பரிந்துரைக்கிறது. நம் அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பதும் அதுதான். இரவுக்கு ஒரு ஊசி, பெரும்பாலும் 10 யூனிட் அளவில் தொடங்கி, காலைச் சீனியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது என்பது எளிமையான தொடக்கம். உங்கள் காசை இன்சுலினில் போடவேண்டாம். வீட்டிலேயே சீனி பார்க்கும் குளுக்கோமீட்டரின் பட்டிகளில் போடுங்கள். மீட்டர் வாங்குமுன் அதற்குரிய பட்டி தலவாக்கலை, ஹட்டன் பாமசிகளில் கிடைக்கிறதா, என்ன விலை என்று விசாரியுங்கள். ஒரு கம்பெனிப் பட்டி இன்னொன்றில் வேலை செய்யாது. வாரத்தில் மூன்று நாள் காலையில் பார்த்து எழுதிவைத்தால் தொடக்கத்துக்குப் போதும். நடுக்கம், வியர்வை வரும்போது கட்டாயம் பார்க்கவேண்டும்.

கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் ஹீமோகுளோபின் ஏ1சி பரிசோதனையை எங்காவது தனியாரில் எடுக்கவேண்டுமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் வெறும்வயிற்றுச் சீனியும் சாப்பிட்டு இரண்டு மணிநேரச் சீனியுமே வழிகாட்டும். தோட்டத்துப் பெண்கள் பலருக்கு இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகை இருக்கிறது. அது ஏ1சியை உண்மையைவிடக் கூட்டிக்காட்டும். அதனால் எடுத்தால் இரத்தசோகையையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர்ப் புரதம், கிரியாட்டினின், வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரைப் பரிசோதனை இவற்றை விடக்கூடாது. கிளினிக் கொப்பியில் இவை கடைசியாக எப்போது என்று பாருங்கள். பல கொப்பிகளில் அந்த இடம் வெற்றாகவே இருக்கிறது.

மலையில் அம்மாவின் நாள்

அம்மாவைப் பிடிவாதக்காரி என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விடிய எழுந்து சமைத்து, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்குப் போய், நண்பகல்வரை செங்குத்தான மலையில் முதுகில் கூடையோடு நிற்கும் ஒருவரின் நாளுக்கு அந்த மருந்து நேரங்கள் ஒத்துவரவில்லை. காலையில் வெறும் சாயத்தண்ணியோடு போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயிற்றில் கிளிக்லசைட் போட்டால் பத்து மணிக்கு மலையில் சீனி இறங்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அந்த அனுபவம் ஒருமுறை வந்தாலே யாரும் மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள். பாதி மாத்திரைக்குக் காரணம் 2022-இன் தட்டுப்பாடு மட்டும்தானா, இதுவுமா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள்.

கிளிக்லசைட் சாப்பாட்டோடு போடவேண்டியது. சாப்பாடு இல்லாத வேளையில் அதைப் போடக்கூடாது. மெட்ஃபோமின் சாப்பிட்ட பின். அது தனியாகச் சீனியை அளவுக்கு மீறி இறக்காது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையாக இருந்தால் நசுக்கிப் போடவேண்டாம். பையில் எப்போதும் மூன்று தேக்கரண்டிச் சீனி ஒரு சுருளில் இருக்கட்டும், அது ஏறத்தாழ 15 கிராம். நடுக்கம் வந்தால் கூடையை இறக்கி, இருந்துகொண்டு, தண்ணீரில் கலந்து குடிக்கவேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி. பக்கத்து நிரையில் பறிப்பவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும். அம்மா மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சுக்கு எடுக்கவேண்டும், அது இலவசம்.

சாப்பாட்டில் பெரிய பட்டியல் போட்டு அம்மாவைக் களைப்பாக்க விரும்பவில்லை. கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பகல், இரவு இரண்டு நேரமும் என்றால், ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் அவித்த கடலையோ பயறோ, வீட்டுத் தோட்டத்துக் கோவாவோ கீரையோ, ஒரு பிடி நெத்தலியோ வரட்டும். அதைவிடப் பெரிய மாற்றம் தேநீரில் இருக்கிறது. கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் பதினைந்து கரண்டிச் சீனி. வாரத்துக்கு அரைக் கரண்டி என்று இறக்கிக்கொண்டே வந்தால் நாக்குப் பழகிவிடும்.

வேலையை விடச் சொல்லவேண்டாம். அந்த வருமானமும் அந்த நடையும் அம்மாவுக்குத் தேவை. ஆனால் பாதம் கவனம். வெறுங்காலோடோ இறப்பர்ச் செருப்போடோ மலைக்குப் போகிறாரா? அட்டைக்கடி, கவாத்து வெட்டிய குச்சி குத்திய இடம், இவற்றைச் சொறிந்த புண்ணில்தான் பெரும்பாலும் கால் அழுகல் தொடங்குகிறது. அடுத்த சம்பளத்தில் முதலில் வாங்கும் பொருளாக ஒரு சோடி மூடிய சப்பாத்து இருக்கட்டும். அடுத்த லீவில் வீட்டுக்குப் போகும்போது ஒரு சோதனை செய்யுங்கள். அம்மாவைக் கண்ணை மூடச்சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் விரல் நுனியால் மெல்லத் தொட்டு எடுங்கள். அழுத்தாமல், தட்டாமல், ஓரிரு விநாடி. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதங்களில் உணர்வு குறைந்திருக்கிறது. கிளினிக்கில் உடனே சொல்லவேண்டிய விஷயம் அது.

கொத்தலா ஹிம்புட்டு, அதாவது பொன்கொரண்டி, வெறும் மூடநம்பிக்கை இல்லை. இலங்கையிலேயே முறையாகச் சோதித்து, சீனியைக் கொஞ்சம் இறக்குவதாகக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் 268-ஐ அது மட்டும் இறக்காது. கிளிக்லசைட்டோடு சேர்ந்தால் மலையில் மயக்கம் வரவும் கூடும். மருந்துக்குப் பதிலாக வேண்டாம், சேர்த்துக் குடிப்பதென்றால் வைத்தியருக்குத் தெரியட்டும்.

கிளினிக் நாளை இலகுவாக்குவது

ஊருக்குக் கிட்டவுள்ள பிரதேச வைத்தியசாலையில் மாதாந்த மருந்தையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனையையும் வைத்துக்கொள்ள முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நிலை சீரானதும் இரண்டு மாத மருந்து தரச்சொல்லியும் கேட்கலாம், சில இடங்களில் தருகிறார்கள். 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீடுகளுக்கே அனுப்பினார்கள், ஆகவே இதெல்லாம் முடியாத காரியமில்லை. கிளினிக் நாளுக்கு லீவு பற்றித் தோட்டத் தலைவர் மூலம் தோட்ட நிர்வாகியான துரையிடம் முன்கூட்டியே பேசிவைக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளில் கட்டிய சாப்பாட்டைக் கையில் கொண்டுபோய், இரத்தம் கொடுத்த உடனே சாப்பிட்டு, அதன்பின்தான் காலை மாத்திரை. வைத்தியரைப் பார்க்கும்வரை பட்டினி இருக்கத் தேவையே இல்லை, பலர் மத்தியானம்வரை இருக்கிறார்கள்.

ஏதாவது மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள் என்றால், துண்டில் கம்பெனிப் பெயரில்லாமல் மருந்தின் பொதுப்பெயரை எழுதித்தரச் சொல்லுங்கள். பேராசிரியர் சேனக பிபிலே முன்நின்று 1971-இல் அமைத்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல கடைகள் இருப்பது இதற்காகத்தான். அங்கே போகமுடியாவிட்டாலும், எந்தப் பாமசியிலும் அந்தப் பெயரில் விலை குறைந்தது எது என்று கேட்கலாம். வாங்க முடியாவிட்டால் பாதியாகப் போடாமல், முடியவில்லை என்று வைத்தியரிடம் சொல்லவேண்டும். அவர் கையில் வேறு வழி இருக்கும்.

பாதி மாத்திரை போடுவதை அம்மா கிளினிக்கில் சொல்லாமல் இருந்தால், அதற்கு மொழியும் காரணமாக இருக்கலாம். நிறையப்பேர் நிற்கும் வரிசையில், சிங்களம் சரளமாக வராத ஒரு பெண்ணிடம் “மருந்து போடுறீங்களா?” என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு வருவதுதான் நடக்கும். 1987-இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ கூப்பிடச் சொல்ல அம்மாவுக்கு உரிமை இருக்கிறது. அதை அவர் கேட்பாரோ தெரியாது. ஆனால் நீங்கள் கொழும்பில் சிங்களம் பேசி வேலை செய்கிறீர்கள். அடுத்த கிளினிக்குக்கு முன் அரைப் பக்கம் சிங்களத்தில் எழுதி அனுப்பி, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். இவ்வளவு இருந்தால் போதும்: 2022-இலிருந்து மாத்திரை பாதியாகத்தான் போட்டிருக்கிறார், மெலிந்திருக்கிறார், காலையில் சாப்பிடாமல் மலைக்குப் போகிறார், வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, இரவில் ஒரு ஊசி என்றால் முயற்சி செய்யத் தயார் (அம்மா சம்மதித்த பிறகு மட்டும் இதை எழுதுங்கள்), யு-100 சிரிஞ்ச் வேண்டும். கீழே உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தை எழுதி, கேள்வி இருந்தால் அந்த நேரமே அழைக்கச் சொல்லுங்கள். அன்று கடையில் போனைக் கையிலேயே வைத்திருக்க முதலாளியிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.